கடைக் கொப்பியில் விழுந்த கோடு



இன்று பட்டம் பெறும் என் பிள்ளைகளே, காலையில் இந்த விழா வாசலில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். மகளின் பட்ட அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு சம்பளம் கிடைக்குங்க டீச்சர்?" என்று கேட்டார். மகள் வெட்கப்பட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மகளே. முப்பது வருடத்துக்கு மேல் பொருளியல் படிப்பித்தவள் நான். உன் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எழுதி வந்த உரையை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கேள்வியைப் பற்றியே பேசப் போகிறேன்.

எவ்வளவு பணம் வந்தால் "நான் முன்னுக்கு வந்துவிட்டேன்" என்று உங்களுக்குத் தோன்றும்? 2024இல் அமெரிக்காவின் எம்பவர் என்ற நிதி நிறுவனம் தன் நாட்டு மக்களிடம் இதைக் கேட்டது. இளையவர்கள் சொன்ன சராசரித் தொகை ஆண்டுக்கு 587,000 டொலர். அறுபதைத் தாண்டிய தலைமுறைக்கு ஒரு இலட்சம் டொலர் அளவில் போதுமாக இருந்தது. அதே நாடு, அதே கடைகள், அதே விலைகள். பிறகு எப்படி ஏறத்தாழ ஆறு மடங்கு வித்தியாசம்? வயதானவர்கள் வாழ்ந்து பார்த்துக் கணக்குச் சொன்னார்கள், இளையவர்கள் போன் திரையில் ஊரார் வீட்டைப் பார்த்துச் சொன்னார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அங்குள்ள பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. உங்கள் கையிலும் அதே திரைதான் இருக்கிறது.

நம் மலையக மக்களுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு தொகை இருந்தது. ஆயிரம் ரூபா. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டோம். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலி முகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டது உங்களுக்கு நினைவிருக்கும். கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்த பிள்ளைகள், ஊரில் கொழுந்து பறிக்கும் தங்கள் அம்மாமாருக்காக வந்து நின்றார்கள். அன்று டொலர் 170 ரூபா சொச்சம். ஆயிரம் ரூபா கிடைத்திருந்தால் அது ஆறு டொலருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்.

ஆயிரம் கிடைத்தது. எப்போது? 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை வழியாக. அடுத்த வருடம் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் 360 ரூபாவைத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு சமூகமே கனவு கண்ட தொகை கைக்கு வந்து ஒன்றரை வருடத்துக்குள் மூன்று டொலருக்கும் கீழே போய்விட்டது. 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும் அதன் டொலர் மதிப்பு நாலரைதான். 2018இல் நாங்கள் கேட்ட ஆயிரத்தைவிட அது குறைவு. ரூபாவில் இலக்கு வைத்தவனை ரூபாவே ஏமாற்றிவிடும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

அப்படியானால் எதை வைத்து அளப்பது?

கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். இந்தக் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே நம் முன்னோர் மன்னார் வழியாக நடந்து இந்த மலைகளுக்கு வந்துவிட்டார்கள். வரும்போதே கடனோடு வந்தார்கள். வழிச் செலவு, சோறு, முன்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறியது. தோட்டம் மாற வேண்டுமானால் "துண்டு" வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய காகிதம் அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும், ஆள் அந்தக் கடனைச் சுமந்துகொண்டு அங்கே போவான். சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் துண்டு கூடவே வரும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது.

துண்டு போனாலும் கடைக்காரரின் கடன் கொப்பி போகவில்லை. கலஹாவுக்கு மேலே ஒரு லயத்தில் பிறந்தவள் நான். கொழுந்து குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அரைப்பேர் விழுந்த மாதம் கடைக் கொப்பியில் அரிசியும் மாவும் சீனியும் இன்னும் ஒரு பக்கம் நிரப்பும். சம்பளம் வாங்கிய அன்றே அப்பா கடைக்குப் போவார், பாதியைக் கொடுப்பார், அன்றைக்கே மறுபடி கடன் வாங்கிக்கொண்டு திரும்புவார். நான் ஆசிரியையாகி முதல் சம்பளம் எடுத்ததும் அப்பாவோடு அந்தக் கடைக்குப் போனேன். மூன்று மாதம் கொடுத்துத் தீர்த்தோம். கடைசி நாள் கடைக்கார முதலாளி எங்கள் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அப்பா வெளியே வந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, பேசாமல் என் முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ சம்பள உயர்வு கண்டேன், வீடும் கட்டினேன். பணத்தில் வென்றுவிட்டேன் என்று உடம்பு முழுவதும் உணர்ந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

ஆகவே, பிள்ளைகளே, என் கணக்கு இதுதான். எவ்வளவு ரூபா இருக்கிறது என்று எண்ணாதீர்கள். நாளை வேலை போனால், யாரிடமும் கை நீட்டாமல் எத்தனை மாதம் வாழ்வேன் என்று எண்ணுங்கள். கண்டியில் போடிங் அறை, சாப்பாடு, பஸ், போன், வீட்டுக்கு அனுப்பும் பங்கு எல்லாம் சேர்த்து மாதம் 45,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 270,000. மாதம் பத்தாயிரம் ஒதுக்கினால் இரண்டேகால் வருடம். விலை ஏறினால் தொகை மாறும், ஆறு மாதம் என்ற அளவு மாறாது. அந்தப் பணம் கையில் இருக்கும்போது, சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளியிடம் "போய் வருகிறேன், சேர்" என்று சொல்ல உங்களால் முடியும். துண்டு இருந்த காலத்தில் நம் பாட்டனார் ஒருவராலும் சொல்ல முடியாத வார்த்தை அது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மாவட்டத்து மலைகளைச் சரித்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். பாதைகள் உடைந்தன, ரயில் பாதை அறுந்தது. நாட்கூலிக்குப் போகிறவர்களின் வருமானம் அன்றோடு நின்றது. மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய துண்டு வேறு உருவத்தில் வரும். தவணைக்கு எடுத்த போன், முதல் வேலையிலேயே லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள், வெளிநாட்டு ஏஜென்சிக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய இலட்சங்கள். கடனே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சீட்டுப் பிடித்துத்தான் என் தங்கையின் கல்யாணம் நடந்தது.  ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் கூடிப் போடும் சீட்டில் சேமிப்பும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. சட்டம் தரும் சேமிப்பும் ஒன்று உண்டு: வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தர வேண்டியது 12. அந்த நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை. சேமிப்பைப் பற்றி நான் பேசியது உங்களுக்கு. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம் போய் இதைப் பேச எனக்கு வாய் வராது. 2024இல் உயர்ந்த 1,350 ரூபாப்படி மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான் வந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக் கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கு மேல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 64,000ஐத் தாண்டும். அந்த வீட்டில் சிக்கனம் போதாது என்று சொல்வது அநியாயம். அங்கே சம்பளம்தான் போதாது. உங்களில் சிலர் நாளை கணக்காளராவீர்கள், மனிதவள முகாமையாளராவீர்கள், சிலர் கடை வைப்பீர்கள். சம்பளப் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும் நாளில் அந்த 64,000ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் முதல் வருடச் சம்பளத்தில் கல்யாண மண்டபத்தையும் மாடி வீட்டையும் ஏற்றிவிடாதீர்கள். முதல் இரண்டு வருடம் பிள்ளை காலூன்றட்டும்.

பிள்ளைகளே, இந்தப் படிப்புக்காக உங்கள் வீட்டில் ஏதோ ஒரு நகை அடகுக்குப் போயிருக்கும். ஒரு சோடித் தோடாக இருக்கலாம், தாலிக்கொடியாகவும் இருக்கலாம். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று இரவு படங்கள் எடுத்து முடிந்த பிறகு, அந்த அடகுச் சீட்டு எங்கே என்று அம்மாவிடம் கேளுங்கள். முதல் சம்பளம் வந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த அடகுக் கடைக்குப் போங்கள்.