உதவிப்பணம் நின்ற பிறகு

(எமது சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் தமிழ்ப் பாடசாலை நடக்கும் இந்த மண்டபத்தின் வாடகைக்கு நகரசபை தந்துவந்த திட்ட உதவி இந்த வருடத்தோடு முடிகிறது. காலம் குறித்துத் தந்த காசு அது. "இனிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டத்தான் வேணும்" என்று சிலபேர் கதைக்கினம். அதுபற்றித்தான் நான் பேச வந்தேன்.

ஜேர்மனியில் ஊருக்கு ஊர் றைபைசன் வங்கியின் பலகையைக் காண்கிறோம். அந்தப் பெயருக்குரிய றைபைசன் ஒரு கிராமத் தலைவர். 1854இல் ஹெடெஸ்டோர்வ் என்ற ஊரில் வசதியானவர்களைச் சேர்த்து ஏழைகளுக்கு உதவ ஒரு தருமச் சங்கம் தொடங்கினார். கொஞ்சக் காலத்தில் குடுத்தவர்களின் ஆர்வம் குறைந்துவிட்டது. தருமத்தை நம்பி நிற்கேலாது என்று கண்டு, 1864இல் அதைக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் வேண்டுமென்றால் நீயும் அங்கத்தவனாக வேண்டும், சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. இதுதான் அன்றைய விதி. அந்த வழியில் வந்த வங்கிகள் இன்றும் நிலைத்திருக்கின்றன.

அதே முறைதான் 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு எங்கள் நாட்டுக்கும் வந்தது. கூட்டுறவில் கடன் மட்டும் நடக்கவில்லை. 1930களில் மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரியே எழுந்தது. போரையும் இடப்பெயர்வையும் தாண்டி அது இன்றும் இருக்கிறது.

இன்னொரு கதையும் உங்களுக்குத் தெரியும். குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனவர். 1960களின் கடைசியில் நோர்வே மக்களின் உதவியோடு சீநோர் தொடங்கியது. காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை செய்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் சோறு கிடைத்தது. பிறகு போர் வந்து வடக்கில் எல்லாவற்றையும் குழப்பியது. இன்று சீநோர் என்ற பெயரில் இருப்பது கடற்றொழில் அமைச்சின் கீழுள்ள அரச நிறுவனம். எங்கட மீனவரின் சொத்தாக அது இல்லை.

ஆகவே, பிறர் காசில் தொடங்குவதில் பிழையில்லை. அந்தக் காசு நிற்பதற்கு முன்னம் அதைப் பாவிக்கிற சனம் அதற்கு உரித்தாளி ஆகவேணும்.

இந்த நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். மூன்று பேருக்குக் குறைந்தால் பதிவு பறிபோகும். எங்களிடம் அறுபது குடும்பம் இருக்கிறது. குடும்பத்துக்கு மாதம் 10 யூரோ வங்கியில் தானாகக் கழியும்படி எழுதிக் குடுத்தால் மாதம் 600, வருடம் 7,200 யூரோ. வாடகை அதற்குள் அடங்கும். சிவ்ற் வேலை செய்கிற எனக்கும் 10 யூரோ சும்மா வாறதில்லை. ஆனாலும் பிள்ளையளின் தமிழுக்கு அது பெரிய விலையில்லை.

இல்லாத குடும்பத்திடம் கேட்கவேண்டாம். அந்தப் பங்கை மற்றவர்கள் சுமப்போம். கணக்கை மூன்று மாதத்துக்கொருக்கால் இந்தச் சுவரில் ஒட்டவேணும். இங்கே பிறந்த பிள்ளைகளில் இரண்டு பேரை இந்த வருடமே நிர்வாகத்தில் சேர்த்து, பொருளாளரின் வேலையைப் பழக்கவேணும்.

படிவங்கள் வாசலில் மேசையில் இருக்கின்றன. போகும்போது கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கோ.