வாலிபருக்குப் பாரிசவாயு வருவதேன்?



இன்று நான் பேசப் போவது நம் ஒவ்வொருவர் கழுத்துக்குள்ளும் இருக்கும் ஓர் இரத்தக் குழாயைப் பற்றியாகும். வைத்தியர் பேச வேண்டிய சங்கதி இவனுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பாரிசவாயு என்றால் வயதானவர்களுக்கும், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு உள்ளவர்களுக்கும் வருவது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் யாதொரு வியாதியும் இல்லாத 35 வயது வாலிபர் ஒரு நாள் காலையில் தள்ளாடி விழுந்தால் என்ன சொல்லுகிறோம்? "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்கிறோம். "எவனோ செய்வினை வைத்துவிட்டான்" என்கிறோம். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். காரணம் தெரியாத இடத்தில்தானே பேய் குடியிருக்கிறது? ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் நான்கு. முன் கழுத்தில் இரண்டு. பின்னால் கழுத்தெலும்புகளை ஒட்டி இரண்டு. இந்தப் பின் குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கத்தில் உள்ள துவாரங்கள் வழியாக, நூலில் மணி கோத்தாற்போல், மேலே ஏறுகின்றன. உச்சியில் உள்ள எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைந்து ஒன்றாகச் சேர்கின்றன. நாம் தலையைத் திருப்பும்போது மிகுதியும் திரும்புவது மேலிருக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான். குழாய் இழுபடுவதும் அங்கேதான்.

குழாயின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கில் சிறிது கிழிந்தால், இரத்தம் அந்தக் கிழிசலில் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு போகிறது. குழாய் உள்ளே வீங்கி, வழி குறுகுகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டிக் கொள்கிறது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குள் போய் அடைத்தால் அதுதான் வாதம். இதில் பேய் எங்கே வந்தது?

இரத்தம் அடைபட்டு வரும் வாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், முன்னும் பின்னுமான கழுத்துக் குழாய்கள் கிழிவதால் வருவது 100-க்கு 2 அளவுதான். வாலிபர்களையும் நடுவயதினரையும் மட்டும் தனியே எடுத்தாலோ, 100-க்கு 25 வரையில் போகிறது.

பேய் என்று நம் ஜனங்கள் மயங்குவதற்கு ஒரு முகாந்திரமும் உண்டு. பின் குழாய் அடைபட்டால் வரும் குறிகள் விசித்திரமானவை. முகத்தில் ஒரு பக்கம் மரத்துப் போகும். உடம்பிலோ அதற்கு எதிர்ப்பக்கம் மரத்துப் போகும். ஒரு கண் இமை தொங்கும். விக்கல் நிற்காது. விழுங்க முடியாது. குரல் மாறும். உலகமே சுற்றும். கை கால் பலம் இருக்கும், ஆனால் நடக்க முடியாது. குரல் மாறி விக்குகிறவளைக் கண்டால் பூசாரிக்கு வேறென்ன வேண்டும்? அன்று ஜெர்மனியில் இருந்த டான்ஸிக் நகரத்து வைத்தியர் அடால்ப் வாலன்பெர்க் என்பவர் 1895-ல் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பார்த்து, மூளையின் அடித்தண்டில் இன்ன இடத்தில்தான் கேடு என்று எழுதினார். நோயாளி இறந்த பின் அறுத்துப் பார்த்தபோது சொன்ன இடத்திலேயே இருந்தது. அதை 1901-ல் வெளியிட்டார். எந்த மாந்திரீகன் இப்படித் தன் சொல்லைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறான்? (அந்த அறிஞரையும், யூதராகப் பிறந்த குற்றத்திற்காக, நாஜிகள் நாட்டை விட்டு ஓடும்படி செய்தார்கள்.)

சரி, குழாய் ஏன் கிழிகிறது? பலருக்குக் குறிப்பிட்ட காரணம் ஒன்றும் அகப்படுவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே குழாய்ச் சுவர் பலவீனம். சிலருக்கு விபத்து. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் 2014 நவம்பரில் ஸிட்னி மைதானத்தில் தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்தில் பந்து பட்டு விழுந்தார். இந்தக் குழாய்தான் கிழிந்து மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தது; இரண்டாம் நாள் மாண்டார்; வயது 25. தலைவிதி என்று சொல்லி அந்நாட்டார் சும்மா இருந்துவிடவில்லை. கவசத்தில் கழுத்துக் காப்பு சேர்த்தார்கள். 2023 அக்டோபர் முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள்.

இன்னும் சிலருக்குக் கழுத்தைத் திருகியதால் வருகிறது. 1993-ல் அமெரிக்க வைத்தியர் ஒருவர், அழகு நிலையத்தில் தொட்டியின் மேல் கழுத்தை வெகுவாகப் பின்னால் சாய்த்துத் தலை கழுவிக்கொண்ட பின் மூளைக்கேடு கண்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். இங்கே முடி வெட்டியதும் கழுத்தை 'மடக்' என்று முறித்துவிடும் பழக்கம் இருக்கிறது. இதற்கு முடி திருத்தும் தோழர்களை நான் குறை சொல்லமாட்டேன். கேட்கிறவர்கள் நாம், செய்யாவிட்டால் முகம் சுளிக்கிறவர்களும் நாம். வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். குழாய் ஏற்கெனவே கிழிந்து கழுத்து வலிப்பதனாலேயே சிலர் சுளுக்கெடுக்கப் போகிறார்கள். பின்னால் வந்ததால் முன்னது காரணமாகிவிடாது. ஜோசியனுக்கு நாம் சொல்லும் இந்தப் புத்தி நமக்கும் பொருந்தும். கழுத்தைத் திருகுவதற்கும் இதற்கும் சம்பந்தம் காணப்படுகிறது, அதுவே காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றே அமெரிக்க இருதயச் சங்கத்தார் 2014-ல் சொன்னார்கள். எப்படியானாலும், கிழிந்த குழாயோடு இருப்பவளின் மயிரைப் பிடித்துப் பேயோட்டுகிறேன் என்று தலையைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்!

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். முன் எப்போதும் இல்லாத வலி பிடரியிலோ பின் தலையிலோ ஒரு பக்கமாக வந்து, அதனுடன் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தால், வயது 25 ஆனாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டியது. மந்திரிக்கப் போனால் அந்த நேரம் அங்கேயே போய்விடும். ஆஸ்பத்திரியிலும் "பிடரி வலிக்குப் பிறகு வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரண ஸி.டி. படத்தில் பின் மூளைச் சேதம் பல சமயம் தெரியாது. கழுத்துக் குழாயையே படம் எடுக்க வேண்டும்.

பயமும் வேண்டாம். கிழிசல் பெரும்பாலும் சில மாதங்களில் ஆறிவிடுகிறது. இரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினோ வேறு மருந்தோ கொடுக்கிறார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 250 நோயாளிகளில், மூன்று மாதத்தில் மறுபடி வாதம் வந்தவர்கள் 4 பேர்தான். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் எண்ணெயும் கையுமாக உறவினர் யாராவது கழுத்தைப் பிசைய வருவார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து உட்கார வையுங்கள், கழுத்தைக் கொடுக்காதீர்கள்.