எழுதும் கைக்குத் துணை வேண்டும்

நம் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த 1947ஆம் ஆண்டில் இங்கிருந்து ‘பொன்னி’ என்ற இலக்கிய இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் முருகு சுப்பிரமணியன். பாவேந்தர் வழியில் எழுதிய இளங்கவிஞர்களை ‘பாரதிதாசன் பரம்பரை’ என்ற தலைப்பில் அவ்விதழ் தொடர்ந்து அறிமுகப்படுத்தியது. காரைக்குடியில் பல்லாண்டு தமிழாசிரியராக இருந்த முடியரசன் அவர்களில் ஒருவர்.

அந்தத் தலைப்பு செய்த வேலையைக் கவனியுங்கள். ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்களை அது ஒரே குடும்பமாக்கியது. தன் பெயரோடு பலர் பெயரும் அச்சில் வருவதைப் பார்க்கும் இளைஞருக்கு அடுத்த கவிதை எழுதத் தெம்பு வரும். முருகு சுப்பிரமணியன் பின்னர் மலேசியாவில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியரானபோதும், சிறுகதைகளுக்குப் பவுன் பரிசுத் திட்டம் நடத்திப் புதியவர்களை எழுத வைத்தார்.

நம் வகுப்பிலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதி மறைத்து வைக்கும் பிள்ளை உண்டு. வாசிக்க ஆள் இல்லையென்றால் பத்தாம் வகுப்புக்குள் அந்தப் பழக்கம் நின்றுவிடும். எட்டாம் வகுப்பில் நாங்கள் மாதம் ஒரு கையெழுத்து இதழ் நடத்துகிறோம். அதற்கு ஒரே விதி: ஒவ்வொரு படைப்புக்கும் வகுப்புத் தோழர் இருவர், பிடித்த வரி எது, புரியாத வரி எது என்று எழுதித் தர வேண்டும். என் சிவப்பு மை அதற்குப் பிறகுதான். நல்லவற்றைத் ‘தேன்சிட்டு’ இதழுக்கு அனுப்புகிறோம்.

தொடங்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வரும் மாதமே தொடங்குங்கள்.