பிள்ளைக்குத் தலையிடி என்றால்



ஊர் திரும்பிய நாளிலிருந்து காணி துப்புரவு, கிணறு இறைப்பு, வீட்டுத்திட்ட அலைச்சல் என்று உங்களுக்கு ஓய்வில்லை. இதற்குள் பிள்ளை "தலையிடிக்குது" என்றால், பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் கேளுங்கள்: காலையில் சாப்பிட்டதா? தண்ணீர் குடித்ததா? இரவு நித்திரை கொண்டதா? காய்ச்சல் இருக்கிறதா?

வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்தாலும், தகரக் கொட்டில் வெக்கையில் நித்திரை கெட்டாலும் தலையிடி வரும். நிழலில் படுக்கவிட்டு, கொதித்தாறிய நீரும் கஞ்சியும் கொடுங்கள். நெற்றியில் ஈரத்துணி போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சுகம் வரும்.

குறையாவிட்டால் பரசிட்டமோல் கொடுக்கலாம். அளவு வயதைவிட நிறையைப் பொறுத்தது. 20 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசையில் அரைவாசி போதும். ஆறு மணித்தியால இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

காய்ச்சலோடு தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ என்றால் டெங்குவாக இருக்கலாம். இபுப்புரூபன், டைக்ளோபெனக் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவு கூடும். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்:

• கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை
• திரும்பத் திரும்பச் சத்தி
• வலிப்பு, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம்
• கை கால் சோர்தல், பார்வை இரட்டையாகத் தெரிதல்
• விழுந்து தலையில் அடிபட்டபின் வரும் தலையிடி
• திடீரென வரும் தாங்கமுடியாத தலையிடி

நித்திரையில் எழுப்பும் தலையிடி, காலையில் எழும்போதே வரும் தலையிடி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தலையிடி ஆகியவற்றையும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருக்கும் பிள்ளையென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். காந்த ஸ்கான் எடுப்பது அப்பிள்ளைக்கு ஆபத்தாகலாம்.

அடிக்கடி வந்தால் கலண்டரில் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கரும்பலகை எழுத்தைக் கண் சுருக்கிப் பார்க்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்; கண்ணாடி தேவைப்படலாம். சத்தம் கேட்டால் நடுங்குகிறது, இரவில் கத்தி எழும்புகிறது என்றால் அதையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மனதில் இருக்கும் பயமும் தலையிடியாக வரும்; அந்த நோவும் உண்மையானதே.

இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். கொப்பி இல்லாவிட்டாலும் பிள்ளையைக் கொண்டுபோங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.