மரத்தடியில் உறங்குபவனுக்கு மனுச்செய்யும் உரிமை எங்கே?

(ஹட்டனில் ஆற்றிய உரை)



மரம் நடச் சொல்ல வேண்டிய காலத்தில் மரம் வெட்டுவதைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். லயத்துக் கூரைமீது சாய்ந்து நிற்கும் மரத்தின் கீழே அவர் ஓரிரவு படுத்திருந்தால் அவ்வாறு கேட்டிருக்க மாட்டார்.

இந்நாட்டில் மரத்துக்குச் சட்டம் இல்லாமலில்லை. கோப்பிக்காக மலை மலையாகக் காடு அழிந்த பின்னர், 1873ஆம் ஆண்டில், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் யோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டலாகாதென்று ஆங்கில அரசு தடை விதித்தது. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே, கோட்டுக்கு உள்ளே. ஹட்டன் 4,000 அடிக்குச் சற்று மேலே, கோட்டுக்கு வெளியே. இங்கிருந்த காடு எங்கே போயிற்று என்பதை இந்த மண்டபத்தின் ஜன்னலைத் திறந்து பார்த்தால் அறியலாம்.

1951இல் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்றே அழைக்கிறார்கள். சொந்தக் கொல்லையில் நிற்கும் பலாவையும் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி வெட்ட முடியாது. நல்ல சட்டம்; நான் குறை கூறவில்லை. கிராமத்துக் குடியானவன் மனுச்செய்கிறான், கிராம உத்தியோகத்தர் வந்து பார்க்கிறார். நிலம் அவனுடையது, ஆகவே மனுவில் அவன் பெயர் இருக்கிறது.

தோட்டத்திலோ? 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பெனிக்கு! தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவனுக்கு என்ன? சவுக்கையும் யூக்கலிப்டசையும் வெட்டக் கம்பெனி விண்ணப்பிக்கிறது; அதிகாரிகள் ஆராய்கிறார்கள். அந்தக் கோப்பிலே லயத்துக்காரனின் கையொப்பத்துக்கு இடமே கிடையாது.

நான் அறிந்த தோட்டம் ஒன்றில், லயத்தின் பின்னே ஒரு சவுக்கு சாய்ந்து நின்றது. தோட்டத்து ஆபீசில் முறையிட்டார்கள்; கம்பெனி உத்தரவு வரவேண்டும் என்றார்கள். பிரதேச சபையிடம் போனார்கள். தோட்டத்து நிலத்தில் கைவைக்க முடியாது என்றார்கள். ஆடிக் காற்றில் கிளை முறிந்து மூன்று காம்பராக்களின் தகரம் நசுங்கியது. மறுநாள் அக்கிளையை விறகுக்கு எடுத்த பெண்ணைக் காவற்காரர் திருட்டென்று தடுத்து நிறுத்தினார். நிற்கும்போது கேட்பாரற்ற மரம், விழுந்தவுடன் கம்பெனியின் சொத்தாகிவிட்டது!

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டத்துக்குள் சபை பணம் செலவிடக் குறுக்கே நின்ற 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. பழைய சாக்கை இனியும் சொல்ல விடலாமா?

கண்டபடி வெட்டுங்கள் என்று நான் கூறவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் மலையே இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நம் மாவட்டமும் மண்சரிவில் சிக்கியது. சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பது வேர்தான். கிழங்குக்காகச் சரிவை மொட்டையடிக்கும் விவசாய நண்பர்களே, 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும். எந்த மரம் நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவுசெய்யும் இடத்தில் அதன் கீழே உறங்குபவனையும் கேளுங்கள் என்பதே எமது கோரிக்கை. வெட்டிய இடத்தில் என்ன நடுவது என்பதையும் அவனிடம் கேட்கட்டும். பலா நடு என்பான்.

ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே! மனு எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. தமிழிலேயே எழுதுங்கள், 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருக்கிறது. பிரதேச செயலாளருக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, தோட்டத் துரைக்கு ஒன்று. லயத்தின் இலக்கத்தையும் மரம் நிற்கும் திசையையும் மறவாமல் குறியுங்கள். கொடுத்ததற்கு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.