வெள்வேல மரத்தைக் காப்போம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம்ம காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காட்டில் நிற்கும் வெள்வேல மரம்தானுங்க அது.

கொறங்காடு என்றால் மூன்று சேர்ந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். இந்த மரத்து நிழல் அடர்த்தி இல்லை. அதனால் அடியிலும் புல் வளரும். இதுவும் பயறு வகைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் சத்து சேரும்.

நம்மில் நிறையப் பேர் குழுவில் ஆட்டுக் கடன் வாங்கியிருக்கிறோம். மழைக்காலத்தில் தவணை கட்டச் சிரமமில்லை. சித்திரை, வைகாசியில் புல் காய்ந்துவிடும். அப்போது தீவனம் விலைக்கு வாங்கினால் தவணைப் பணம் அதிலேயே போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் வெள்வேலங்காய் பழுத்து விழுகிறது. எங்கள் மூன்று ஏக்கர் கொறங்காட்டில் காயைப் பொறுக்கி, காயவைத்து, சாக்கில் கட்டி வைப்போம். சாயங்காலம் பட்டிக்கு வந்ததும் தட்டோடு சேர்த்து ஆட்டுக்கு இரண்டு கை போடுவேன். காயை மட்டும் வயிறு நிறையப் போடக் கூடாது, மற்ற தீனியோடு கலந்துதான் போட வேண்டும் என்பார் என் மாமியார். போன கோடையில் ஒரு தவணைகூட நான் தவறவில்லை. அதற்கு இந்த மரமும் ஒரு காரணம்.

இப்போது இந்த மரத்துக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, விறகுக்குக் கேட்டு வருகிற வியாபாரி. அவர் கொடுப்பது ஒரு நாள் பணம். காய் வருஷா வருஷம் வரும். இரண்டாவது, சீமைக் கருவேலம் வெட்டும்போது இதையும் சேர்த்து வெட்டிவிடுவது. அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு கொள்கை வகுத்தது நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர் வண்டிப்பாதையைச் சுத்தம் செய்தபோது, ஜேசிபி முள்மரம் எல்லாம் ஒன்றென்று வெள்வேலையும் சாய்த்துவிட்டது. கேட்டால், "முள்ளுதானே அம்மா" என்கிறார்கள்.

வித்தியாசம் சுலபம். சீமைக் கருவேலம் பூ நீளமாகத் திரி மாதிரி தொங்கும். வெள்வேலம் பூ வெளிர் மஞ்சளில் சின்ன உருண்டை, கொத்துக் கொத்தாக இருக்கும். பட்டையும் வெளுப்பாக இருக்கும். மஞ்சள் உருண்டைப் பூவும் கறுத்த பட்டையும், மணி கோர்த்த மாதிரிக் காயும் இருந்தால் அது நாட்டுக் கருவேல். அதுவும் நம்ம மரந்தான், வெட்ட வேண்டாம்.

வளர்ப்பதும் கஷ்டமில்லை. விதைத் தோல் கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் விதையைப் போட்டு, ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். உப்பிய விதையை எடுத்து, செம்மண், மணல், தொழுவுரம் கலந்த பையில் இரண்டிரண்டாகப் போடலாம். ஆட்டுப் பட்டியில் புழுக்கையோடு கிடக்கிற விதையும் நன்றாக முளைக்கும். வைகாசியில் போட்டால் ஐப்பசி மழைக்கு நடலாம். நட்ட பிறகு முள் வைத்துச் சுற்றிலும் கட்ட வேண்டும். இல்லையென்றால் நம்ம ஆடே முதலில் தின்றுவிடும். மெதுவாக வளர்கிற மரம், காய்க்கச் சில வருஷம் ஆகும். அதனால்தான் நிற்கிற மரத்தை விடக் கூடாது என்கிறேன்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு குழுவும் வருகிற வைகாசியில் 25 பை நாற்று போட வேண்டும். ஊரில் முள்மரம் வெட்ட வண்டி வரும் அன்று, மரம் தெரிந்த உறுப்பினர் இருவர் கூடப் போய், வெள்வேலுக்கும் நாட்டுக் கருவேலுக்கும் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைக்க வேண்டும். இதை இன்றே தீர்மானமாக எழுதினால் சந்தோஷப்படுவேன்.