துருவை எடுப்போம், கண்ணைக் காப்போம்

தோழர்களே, கொழுந்து குறைந்த காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைச் சுத்தம் செய்கிறோம். வார்ப்பிரும்பிலுள்ள துருவைக் கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷால் உரசும்போது, அறுந்த கம்பியும் துருத்தூளும் கண்ணை நோக்கிப் பறக்கும். பிரஷில் குறித்துள்ள வேகத்தைவிட கிரைண்டர் வேகமாகச் சுற்றினால் பிரஷே சிதறலாம்.

பல இடங்களில் கைப் பிரஷும் எமரித் தாளுமே போதும். கிரைண்டர் கல்லை வைத்தால் நல்ல இரும்பும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் கேட்பது சலுகையல்ல. நமது பாதுகாப்புக்காகவே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கண்ணாடி தராமல் கிரைண்டரைக் கையில் கொடுத்தால், யாரும் தனியாக நின்று வாதாட வேண்டாம். தலைவரிடம் சொல்லுங்கள், எல்லோருமாகத் துரையிடம் போய்க் கேட்போம்.